சீண்டலும் முடிவும்: ஓர் அரசியல் உளவியல் ஆய்வும் நம் வகுப்பறையும்

அடிக்கடி சண்டைபோடும் மாணவனைப் பற்றிப் பேச்சு வந்தால், “அவன் பிறவியிலேயே அப்படித்தான்” என்ற சொல் ஆசிரியர் அறையில் எளிதாக வந்துவிடுகிறது. ஒரு குழந்தையின் மீது நாம் வைக்கும் நம்பிக்கையையே குறைத்துவிடக்கூடிய சொல் இது. இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று அறியவே அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோஸ் மெக்டெர்மாட்டின் ஆய்வுகளைப் படித்தேன். மனிதர் எப்போது தாக்குகிறார், தலைவர்கள் ஏன் ஆபத்தான முடிவுகளை எடுக்கிறார்கள் என்பவை இந்த அரசியல் உளவியல் அறிஞரின் கேள்விகள். அவருடைய மூன்று ஆய்வுகள் நமக்கு உதவும்.

1. சீண்டலின் அளவு

2009ஆம் ஆண்டு அவரும் குழுவினரும் 78 ஆண்களிடம் நடத்திய சோதனை வெளியானது. பங்கேற்றவர் ஈட்டிய பணத்தில் ஒரு பகுதியை முகம் தெரியாத ஒருவர் எடுத்துக்கொண்டதாக அவர் நம்பவைக்கப்பட்டார். ஒரு நிலையில் 20 சதவீதம் பறிபோனது. இன்னொரு நிலையில் 80 சதவீதம். எடுத்தவரைத் தண்டிக்க நினைத்தால், தம் கைப்பணத்தைச் செலவிட்டு அவரைக் காரமான சாஸ் சாப்பிட வைக்கலாம்.

மூளையில் செரோட்டோனின், டோபமைன் போன்றவற்றைச் சிதைக்கும் நொதிக்குக் காரணமான எம்.ஏ.ஓ.ஏ. மரபணுவும் கவனிக்கப்பட்டது. இதன் செயல்பாடு குறைந்த வகையை ஊடகங்கள் ‘போர்வீரர் மரபணு’ என்றே அழைத்தன. சீண்டல் சிறிதாக இருந்தபோது அந்த மரபணு பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. இழப்பு பெரிதானபோதுதான் அவ்வகையினர் மற்றவர்களைவிட அதிகமாகத் தண்டித்தனர். பிறவி மட்டும் முடிவு செய்யவில்லை. சூழலும் சேர்ந்தே முடிவு செய்தது.

2. மிகையான தன்னம்பிக்கை

2006இல் டொமினிக் ஜான்சனும் மெக்டெர்மாட்டும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் கற்பனை நாடுகளின் தலைவர்களாக விளையாடினர். தாம் எந்த இடம் பெறுவோம் என்று முன்கூட்டியே கணித்தனர். பலரும் தம்மை உயர்வாகவே மதிப்பிட்டனர். அப்படி அதிகமாக மதிப்பிட்டவர்களே தாக்குதலில் இறங்கும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. இந்தப் போக்கு பெண்களைவிட ஆண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது.

3. இழப்பின் விளிம்பு

இழந்துகொண்டிருக்கும்போது மனிதர் துணிந்து ஆபத்தை ஏற்பார் என்பது கானமன், டிவெர்ஸ்கி ஆகியோர் 1979இல் முன்வைத்த கோட்பாடு. மெக்டெர்மாட் 1998இல் வெளியிட்ட நூலில் இதை அதிபர் கார்ட்டரின் முடிவுக்குப் பொருத்திக் காட்டினார். ஈரானில் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்தனர், தேர்தல் நெருங்கியது, செல்வாக்கு சரிந்தது. 1980 ஏப்ரலில் அவர் இராணுவ மீட்பு முயற்சிக்கு ஒப்புதல் அளித்தார். முயற்சி பாதியில் கைவிடப்பட்டது. 8 படைவீரர்கள் உயிரிழந்தனர். சாந்தமானவர் என்று அறியப்பட்ட தலைவரும் இழப்பின் விளிம்பில் அப்படி முடிவெடுத்தார்.

நாம் செய்யக்கூடியவை

ஆய்வகத்தில் சில பத்துப் பேரிடம் கண்டதை வைத்து ஒரு தனிக் குழந்தையைக் கணிக்க முடியாது. ஆனால் சூழலை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

• மாணவனைப் பலர் முன்னிலையில் கண்டிப்பது அவனுக்கு 80 சதவீத இழப்பு. தனியே அழைத்துப் பேசினால் அந்த இழப்பு சிறிதாகும்.

• தவறு செய்தவன் மீண்டு வர ஒரு வழியைத் திறந்து வைக்க வேண்டும். இனி இழக்க ஒன்றுமில்லை என்று நினைப்பவனே எதற்கும் துணிவான்.

• சண்டை நடந்தால் “யார் செய்தது?” என்பதோடு “அதற்கு முன் என்ன நடந்தது?” என்றும் கேட்கலாம்.

• சமூக அறிவியல் வகுப்பில் ஒரு செயல்பாடு: ஆற்று நீரைப் பகிரும் இரு கற்பனை நாடுகளாக மாணவர்களைப் பிரியுங்கள். தம் நாடு எவ்வளவு நீர் பெறும் என்று ஒவ்வொருவரும் முதலில் எழுதட்டும். பேச்சுவார்த்தை முடிந்தபின் கணிப்பையும் முடிவையும் ஒப்பிடச் சொல்லுங்கள். தன் கணிப்பு எங்கே மிகையானது என்பதை மாணவரே கண்டறிவார்.

அடுத்த முறை “அவன் அப்படித்தான்” என்ற சொல் நம் அறையில் எழும்போது, “எந்தச் சூழலில் அவன் அப்படி?” என்று நம்மில் ஒருவராவது கேட்டால், அந்தக் குழந்தைக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும்.