டோட்டா 2: கொன்ற கணக்கும் வென்ற கணக்கும்

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் இருக்கிறான். கோடை விடுமுறையில் டோட்டா 2 ஆடத் தொடங்கினான். ஒரே வாரத்தில் அவன் அம்மா என்னிடம் வந்தார். "இதுவும் அந்த ரம்மி மாதிரிதானா சார்? காசெல்லாம் போயிடுமா?" மறுநாள் பையனே வந்தான். "அங்கிள், என் கை ரொம்ப ஸ்லோ. எனக்கு இது வராது போல." இருவருமே யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்திருந்தார்கள்.

நான் இதைக் கற்றது தி. நகரில், பனகல் பூங்காவுக்கு அருகே இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். அப்போது இது தனி ஆட்டமே இல்லை. வார்கிராஃப்ட் 3 என்ற ஆட்டத்துக்காக ரசிகர்கள் 2003 வாக்கில் உருவாக்கிய ஒரு மேப். கல்லூரி விட்டு வந்து பத்துப் பேர் பத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் எதிரணிக்காரரின் நெற்றி மானிட்டருக்கு மேலே தெரியும். சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியைக் கேட்கலாம். 2013 ஜூலையில் வால்வ் நிறுவனம் டோட்டா 2-வை முறையாக வெளியிட்ட பிறகு ஆட்டம் வீட்டுக்கே வந்துவிட்டது. பக்கத்து நாற்காலி மட்டும் வரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதுபோல் இதை எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஐந்து ஐந்து பேராக இரண்டு அணிகள். மந்திரவாதி, அரக்கன், வில்லாளி என்று 120க்கும் மேற்பட்ட ஹீரோக்களில் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். களத்தில் மூன்று பாதைகள், ஒவ்வொன்றிலும் காவல் கோபுரங்கள். எதிரணிக் கோட்டைக்குள் இருக்கும் 'ஏன்ஷியன்ட்' என்ற கட்டடத்தை முதலில் இடிக்கும் அணி வெல்லும்.

நம்பிக்கை 1: இதுவும் ஆன்லைன் ரம்மி போன்ற சூதாட்டம்தான், அரசு தடை செய்துவிட்டது.

உண்மை: ஆன்லைன் சூதாட்டத்தால் தமிழ்நாட்டில் குடும்பங்கள் பட்டது கொஞ்சமல்ல. அந்த அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் ஆன்லைன் ஆட்டங்களை மூன்றாகப் பிரிக்கிறது: பணம் வைத்து ஆடுபவை, பொழுதுபோக்குக்காக ஆடுபவை, இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்விளையாட்டுப் போட்டிகள். முதல் வகைக்குத்தான் தடை. இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு கொண்டுவந்த விதியும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கே. டோட்டாவில் பந்தயம் கட்டுவதும் இல்லை, தோற்றால் பணம் போவதும் இல்லை. 2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாமில் நடந்த காமன்வெல்த் மின்விளையாட்டுப் போட்டியில் இந்திய டோட்டா 2 அணி வெண்கலம் வென்றது. அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் டோட்டா 2 பதக்கப் பிரிவாகவே இருந்தது.

பெற்றோர் கண் வைக்க வேண்டிய இடம் வேறு. ஹீரோக்களுக்கான உடைகளும் ஆயுத அலங்காரங்களும் விற்பனைக்கு உண்டு. அவற்றில் சில, உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாத பெட்டிகளாக வரும். அந்த அலங்காரங்களைப் பணயமாக வைக்கச் சொல்லும் வெளித் தளங்களும், 'இலவச ஐட்டம்' என்று லிங்க் அனுப்பிக் கணக்கைத் திருடுபவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையின் கணக்கில் உங்கள் கார்டைச் சேர்த்து வைக்காதீர்கள். தெரியாதவர் அனுப்பும் லிங்க்கைத் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். டோட்டா ஆட வேண்டிய, வால்வின் ஸ்டீம் தளக் கணக்கைத் தொடங்க 13 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதும் விதி.

நம்பிக்கை 2: காசு செலவழித்தவனே ஜெயிப்பான்.

உண்மை: எல்லா ஹீரோக்களும் முதல் நாளிலிருந்தே இலவசம். கடையில் வாங்கும் உடை தோற்றத்தை மாற்றும். அடியின் பலத்தை ஒரு புள்ளிகூடக் கூட்டாது. ஆட்டத்துக்குள் ஆயுதம் வாங்கும் தங்கம், அந்த ஆட்டத்திலேயே சம்பாதிப்பது. ஆட்டம் முடிந்தால் அதுவும் முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் கோடீஸ்வரனும் நீங்களும் ஒரே கையிருப்போடுதான் தொடங்குவீர்கள்.

நம்பிக்கை 3: கை வேகம் இல்லாதவருக்கு இது வராது.

உண்மை: 2019 ஏப்ரல் 13 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மென்பொருள், அப்போதைய உலக சாம்பியன் அணியான ஓஜியை 2-0 என்று தோற்கடித்தது. கணினிக்குக் கை வேகம்தானே பலம் என்று தோன்றும். அது கண்டு செயல்படும் நேரத்தை மனிதருக்கு நெருக்கமாக, சுமார் 200 மில்லி விநாடி அளவுக்குத் தாமதப்படுத்தியே ஆடவிட்டார்கள். அப்படியும் வென்றது. எங்கே சண்டை போடலாம், எப்போது விலகலாம் என்ற முடிவுகளில் அது முந்தியது.

சென்னைப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தர வேண்டியதில்லை. சதுரங்கத்தில் எதிரியின் காய் எல்லாமே கண்ணெதிரே இருக்கும். இங்கே களத்தின் பெரும்பகுதி இருட்டு. உங்கள் ஆட்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டுமே தெரியும். ஆகவே திரை மூலையில் இருக்கும் சின்ன வரைபடம், மினிமேப், கையை விட முக்கியம். நாலைந்து விநாடிக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். எதிரணியில் மூன்று பேர் காணவில்லை என்றால் உங்களைத் தேடித்தான் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டு பின்வாங்குங்கள். தொடங்கிய மாதத்தில் நீங்கள் சாகும் சாவுகளில் பாதி இதனாலேயே குறையும்.

நம்பிக்கை 4: நிறையக் கொன்ற அணி ஜெயிக்கும்.

உண்மை: புதியவர்களை அதிகம் கெடுப்பது இந்த நம்பிக்கைதான். கேரம் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது; அடுத்த அடியில் ஃபாலோ போட வேண்டும். இல்லாவிட்டால் ரெட் மறுபடி பலகைக்கே வந்துவிடும். டோட்டாவில் எதிரி ஹீரோவைக் கொல்வது ரெட் போடுவது. கொல்லப்பட்டவர் சற்று நேரத்தில் உயிர்த்து வந்துவிடுவார். அவர் இல்லாத அந்த அரை நிமிடத்தில் ஒரு கோபுரத்தை இடித்தீர்களா? அதுதான் ஃபாலோ. கோபுரம் திரும்ப முளைக்காது. முப்பது பேரைக் கொன்றுவிட்டுத் தோற்ற ஆட்டங்கள் எனக்கே பல உண்டு.

பணம் சம்பாதிக்கும் வழியும் கொலையை நம்பி இல்லை. ஒவ்வொரு பாதையிலும் 30 விநாடிக்கு ஒருமுறை கிரீப் என்னும் சிப்பாய்க் கூட்டம் வரும். ஒரு கிரீப்பின் உயிரைப் பறிக்கும் கடைசி அடி, லாஸ்ட் ஹிட், யாருடையதோ அவருக்கே தங்கம். சும்மா அடித்துக்கொண்டே இருந்தால் காசு வராது. உயிர் குறையும்வரை காத்திருந்து ஒரே அடி. முதல் வாரம் பாட் எனப்படும் கணினி ஆட்டக்காரர்களோடு ஆடி இதை மட்டும் பழகுங்கள்.

நம்பிக்கை 5: ஆடத் தெரியாதவன் சப்போர்ட் எடுப்பான்.

உண்மை: அணியில் ஒருவர் 'கேரி', தங்கம் சேர்த்துக் கடைசியில் அணியைச் சுமப்பவர். அவர் வளரும்வரை காப்பவர்கள் சப்போர்ட். 2017, 2018, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் 'தி இன்டர்நேஷனல்' உலகப் போட்டியை வென்ற அணிகளின் கேப்டன்கள் எல்லாருமே சப்போர்ட் ஆடியவர்கள். 2021இல் அந்தப் போட்டியின் பரிசுத் தொகை 4 கோடி டாலர். தங்கத்தின் பின்னால் ஓட வேண்டிய அவசரம் இல்லாதவருக்கே முழுக் களத்தையும் பார்க்க நேரம் கிடைக்கிறது.

சப்போர்ட் செய்யும் முதல் வேலை வார்டு நடுவது. அப்சர்வர் வார்டு என்ற கண்காணிப்புக் கோலுக்கு விலை கிடையாது. நட்ட இடத்தில் ஆறு நிமிடம் வெளிச்சம் தரும். ஆற்றங்கரை மேட்டில் ஒன்று நட்டால் எதிரி கடந்து வருவது முன்னமே தெரியும். இன்னொன்று, டிபி ஸ்க்ரோல்: கோபுரத்துக்குப் பறந்து போகும் சீட்டு. அதில்லாமல் களத்தில் நடமாடாதீர்கள். நண்பன் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்ச் சேர முடியாது.

நம்பிக்கை 6: 120 ஹீரோக்களையும் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

உண்மை: மூன்று போதும். ரேத் கிங் இறந்தாலும் ஒருமுறை நின்ற இடத்திலேயே எழுந்துவிடுவார்; புதியவரின் தவறைப் பொறுப்பவர். ஓகர் மேஜை தடித்த உடம்புக்காரர், அடி தாங்கும் சப்போர்ட். ஸ்னைப்பர் தூரத்திலிருந்து சுடுபவர், நெருங்கினால் செத்துவிடுவார். எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் கற்றுத்தருவார். மற்ற ஹீரோக்களை அவர்களிடம் அடி வாங்கி வாங்கித் தெரிந்துகொள்வீர்கள். அப்படிக் கற்றது மறக்காது. ரேங்க் ஆட்டத்துக்கு அவசரப்படவும் முடியாது. 100 மணி நேரம் ஆடியவர்களுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.

நம்பிக்கை 7: பெரிய ஸ்பீடு பிளான் போட்டால் லேக் போய்விடும்.

உண்மை: டோட்டாவுக்குத் தேவையான டேட்டா மிகக் குறைவு. சினிமா பார்ப்பதற்கு வேண்டியதில் சிறு பங்குதான். முக்கியம் பிங்: உங்கள் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம். இதைச் சென்னைக்காரர்கள் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2002இல் போடப்பட்ட ஐ-டு-ஐ கடலடிக் கேபிள் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கிறது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போக 16, வர 16. மொத்தம் 32 மில்லி விநாடி. நீங்கள் எந்த பிளான் போட்டாலும் சிங்கப்பூர் சர்வரில் இதற்குக் கீழே வர முடியாது. ஆட்டத்தின் அமைப்புகளில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். வால்வின் வலைப்பின்னலில் சென்னைக்கே ஒரு முனையம் உண்டு. மெட்ராஸை நினைவூட்டும் விமான நிலையக் குறியீடான எம்.ஏ.ஏ. என்பதே அதற்குப் பெயர். இரவு வெகுநேரம் கழிந்து இந்திய சர்வரில் ஆள் கிடைக்காதபோது சிங்கப்பூர் பக்கம் போகலாம்.

பிங் சரியாக இருந்தும் ஹீரோ விட்டு விட்டு நகர்ந்தால், வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். அடையாறு, மயிலாப்பூர் அடுக்ககங்களில் ஒரு சுவருக்கு இருபது வைஃபை ஒன்றோடொன்று மோதுகின்றன. ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துப் பாருங்கள். லேப்டாப்பில் ஆடுபவர்கள் ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வைத்தால் கரண்ட் போய் வரும் நேரத்திலும் ஆட்டம் அறுந்துபோகாது.

நம்பிக்கை 8: சாப்பிடக் கூப்பிட்டால் நிறுத்திவிட்டு வரலாம்.

உண்மை: முடியாது. இதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே படிக்க வேண்டும். ஓர் ஆட்டம் பெரும்பாலும் 30 முதல் 50 நிமிடம். நடுவில் எழுந்துபோய் ஐந்து நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் ஆட்டத்தைக் கைவிட்டதாகப் பதிவாகும். மீதி நான்கு பேர் ஆள் குறைவாகத் தவிப்பார்கள். ஆகவே பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே நடக்கட்டும். "எட்டரைக்குச் சாப்பாடு" என்றால் ஏழரைக்குப் பிறகு புதிய ஆட்டம் கிடையாது. இடையில் அரை மணி இருந்தால் டர்போ வகை ஆடலாம்; அது சீக்கிரம் முடியும். மணிக்கணக்கை விட ஆட்டக்கணக்கு வைத்துக்கொள்வது இரு பக்கத்துக்கும் நிம்மதி: பள்ளி நாளில் ஒன்று, விடுமுறையில் இரண்டு.

நம்பிக்கை 9: திட்டு வாங்குவதும் ஆட்டத்தின் பகுதி, பொறுத்துக்கொள்.

உண்மை: பொறுக்க வேண்டாம். முகம் தெரியாதவர் தாயைப் பழித்தால் ஒரு கிளிக்கில் அவர் வாயை மூடலாம். மியூட் பட்டன் அதற்கே இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் புகார் கொடுங்கள். ஒருவரது நடத்தைக்கு மதிப்பெண் போடும் முறை உண்டு. அது குறைந்தால் அவருக்குப் பேசும் வசதியே பறிபோகும். பிரவுசிங் சென்டரில் எல்லை மீறினால் கடைக்கார அண்ணன் எழுந்து வருவார். வீட்டில் அந்த அண்ணன் வேலையை நீங்களே செய்ய வேண்டும்.

மூன்றாம் மாடிப் பையனுக்கு இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லவில்லை. மினிமேப்பைப் பார், ரெட் போட்டால் ஃபாலோ போடு, இந்த இரண்டையும் மட்டும் சொன்னேன். முன்பெல்லாம் லிஃப்டில் பார்த்தால், "இன்னிக்கு ஏழு கில் அங்கிள்" என்பான். போன வாரம் பார்த்தபோது சொன்னான்: "அவங்க மூணு பேரும் மேல் லேன்ல தெரிஞ்சாங்க. அதான் நாங்க கீழே போய் டவர் எடுத்துட்டோம்." எத்தனை பேரைக் கொன்றான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.