அழித்தது எங்கே போகிறது?

ராயகிரியில் எங்கள் தெருவைச் சேர்ந்த பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி, ஒரு நாள் மாலை மடிக்கணினியும் கையுமாக வந்து நின்றாள். 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய வகைக் கணினி அது. அவள் அண்ணனுக்குக் கிடைத்தது.

“சார், இடமில்லை இடமில்லைன்னே சொல்லுது. கண்டதையும் அழிச்சேன். ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன். அதோட தாத்தா பேசின பதிவும் போயிருச்சு” என்றாள். தாத்தா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

“அதற்குப் பிறகு புதிதாக ஏதாவது பதிந்தாயா?”

“இல்ல சார். பயந்து மூடிட்டேன்.”

“நல்ல வேளை!” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அதை அறிய வன்தட்டின் உள்ளே சற்று எட்டிப்பார்க்க வேண்டும்.

கண்ணாடி அல்லது அலுமினியத் தட்டின்மேல் மிக மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கிறது. பாட்டானாலும் படமானாலும் கணினிக்கு அது 0, 1 என்னும் இரண்டு எண்களின் வரிசைதானே? அந்த வரிசை, படலத்தின் நுண்பகுதிகளில் காந்தத் திசை மாறும் விதத்தால் பதிவாகிறது. மடிக்கணினியின் தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழலும். ஆரத்தை 3.2 செ.மீ. என்று கொண்டு விளிம்பின் வேகத்தைக் கணக்கிடுங்கள்: விநாடிக்கு 18 மீட்டர், மணிக்கு 65 கிலோமீட்டர்! தென்காசி பஸ்ஸில் அந்த வேகம் வந்தால் நாம் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வோம். படிக்கும் தலையோ தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது.

இவ்வளவு பரப்பில் ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? நூலகத்தில் இருப்பதுபோல இங்கும் ஓர் அட்டவணை உண்டு. ஒரு கோப்பை நாம் அழித்தால், கணினி அட்டவணையில் மட்டும் கைவைத்து ‘இந்த இடம் காலி’ என்று குறித்துக்கொள்கிறது. புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது. அதன் அட்டைதான் போயிற்று. ஒரு திரைப்படத்தைப் பதிய பல நிமிடங்கள் ஆக, அழிக்க ஒரு நொடி போதுமானதாக இருப்பது இதனால்தான். வேறொரு கோப்பு வந்து அதே இடத்தில் எழுதப்படும்போதே பழையது உண்மையில் மறைகிறது. (ரீசைக்கிள் பின்னில் கிடக்கும் கோப்புக்கு இந்தக் குறிப்புகூட விழுவதில்லை; ஆகவே அதைக் காலி செய்யாதவரை இடம் கூடாது.)

அவளுடைய வன்தட்டைக் கழற்றி என் கணினியோடு இணைத்தேன். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அட்டவணையை நம்பாமல் தட்டையே முதலிலிருந்து கடைசிவரை படிக்கும். இரவு முழுவதும் ஓடிற்று. காலையில் நூற்றுக்கணக்கான ஒலிக்கோப்புகள் வந்திருந்தன. பெயர்கள் போய் வெறும் எண்கள். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே, பகல் பன்னிரண்டு மணி அளவில், தாத்தா பேசினார்.

இப்போது வரும் கணினிகளில் பெரும்பாலும் சுழலும் தட்டே இல்லை. எஸ்எஸ்டி என்னும் சில்லுகள் இருக்கின்றன. அவை காலியான இடத்தைத் தாமாகவே துடைத்துவிடும். அங்கே இந்த வித்தை அநேகமாகப் பலிக்காது.

சரி, இடப் பிரச்சினை? அவள் அழித்தவை பாட்டும் கட்டுரையும். தட்டை அடைத்துக்கொண்டிருந்தது வீடியோ. விநாடிக்கு 16 மெகாபிட் வீதம் பதியும் வீடியோ, 2 மெகாபைட் வீதம் நிமிடத்திற்கு 120 மெகாபைட் விழுங்கும். அண்ணன் கல்யாண வீடியோ மூன்று இடங்களில் இருந்தது! ஒன்றை வெளித்தட்டில் பதிந்து, திறந்து பார்த்துச் சரி என்று அறிந்தபின் கணினியிலிருந்த இரண்டு பிரதிகளை நீக்கினோம். கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பெரியதிலிருந்து தொடங்குவதே முறை. தற்காலிகக் கோப்புகளை டிஸ்க் கிளீன்அப் பார்த்துக்கொள்ளும்.

‘500 ஜிபி’ என்று எழுதிய தட்டை விண்டோஸ் 465 என்று காட்டுகிறதே என்றும் கேட்டாள். யாரும் திருடவில்லை. தயாரிப்பாளருக்கு ஒரு கிகா என்பது 100 கோடி. விண்டோஸுக்கு 1024 × 1024 × 1024, ஏறத்தாழ 107.37 கோடி. வகுத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். தமிழில் அரைப்பக்கம் தட்டி, நோட்பேடில் சேமித்து, அதன் பண்புகளைத் திறந்தால் இரண்டு அளவுகள் தெரியும்: கோப்பின் அளவு, அது தட்டில் பிடிக்கும் இடம். இரண்டாவது பெரும்பாலும் 4,096 பைட் அல்லது அதன் மடங்காக இருக்கும். உங்கள் கோப்பு 2,500 பைட் என்றால், அப்படிப்பட்ட ஆயிரம் கோப்புகளில் வீணாகும் இடம் எவ்வளவு?