சாட்சி சொன்ன மலை மக்கள்

பாலாறு தமிழ்நாட்டு எல்லையில் உள்ள காட்டு ஊர். அன்று அது கர்நாடகத்தின் மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1993 ஏப்ரல் 9 அன்று அங்கே கண்ணிவெடி வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். வெடி வைத்தது சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனின் கூட்டம்.

வீரப்பனைப் பிடிக்க இரு மாநில அதிரடிப்படைகள் காட்டில் தேடின. மலை ஊர் மக்கள் பலரைப் பிடித்துச் சென்றன. "வீரப்பன் எங்கே? அவனுக்குச் சோறு போட்டாயா?" என்று கேட்டு அடித்தார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள் என்று மக்கள் சொன்னார்கள். பெண்களும் தங்களுக்கு நடந்த கொடுமையைச் சொன்னார்கள்.

ஆனால் உடனே சொல்லவில்லை. பயம் வாயை அடைத்தது.

1999-ல் தேசிய மனித உரிமை ஆணையம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. நீதிபதி சதாசிவா அதன் தலைவர். மக்கள் துணிந்து குழுவின் முன் வந்தார்கள். என்ன நடந்தது, எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்று சொன்னார்கள். இதுதான் சாட்சியம்.

எழுதப் படிக்கத் தெரியாதவரும் சாட்சி சொல்லலாம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகே கையெழுத்துப் போடுங்கள். காயத்தைச் சோதித்த மருத்துவரின் சாட்சியமும் உதவும்.

2007-ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் உதவித்தொகை வழங்க ஆணையம் சொன்னது.

பணம் வலியைப் போக்காது. ஆனாலும், ஏழை சொல் அம்பலம் ஏறியது.

பதில் சொல்லுங்கள்:
1. மக்கள் ஏன் உடனே பேசவில்லை?
2. சாட்சியம் என்றால் என்ன?
3. கையெழுத்துப் போடும் முன் என்ன செய்ய வேண்டும்?