செவ்வாய்க்கிழமை வந்த போன்

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் 11.40-க்கு உங்கள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பையன் எனக்கு போன் செய்தான். "சார், உங்க ஏரியாவுல வயித்துப்போக்கு, 12 கேஸ். உடனே ஸ்பாட்டுக்குப் போங்க." நான் மொட்டைமாடியில் வடகத்துக்குக் காக்கா விரட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்று ஆறு வருஷம். இருந்தும் கை தானாகச் சட்டையைத் தேடியது. ஒத்திகை என்று அப்புறம்தான் தெரிந்தது. கேட்டதும் அறிக்கையை அனுப்பிவைத்தீர்கள், நன்றி.

22 பக்கத்தையும் படித்தேன். எனக்கு வந்த போன் மட்டும் அதில் இல்லை. "களப்பணியாளர்கள் அனைவரும் 15 நிமிடங்களுக்குள் தொடர்புகொள்ளப்பட்டனர்" என்றிருக்கிறது. "உரிய துறைகளுடன் ஒருங்கிணைக்கப்பட்டது" ஒன்பது இடத்தில் வருகிறது, எண்ணினேன். இந்தப் 'பட்டது' எனக்கு ஆகவே ஆகாது. நோயாளியின் பெயர் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில். மேல்நிலைத் தொட்டியின் சாவி ஊராட்சி ஆபரேட்டரின் இடுப்பில். அவருக்கு நாமா சம்பளம் கொடுக்கிறோம்? யார் யாரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டார், அவர் எடுத்தாரா, என்ன சொன்னார், அதை எழுதுங்கள். ஒத்திகைக்கு முன்னால் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் அந்த ஆபரேட்டரின் பெயரே காணோம். வால்வைத் திருகப்போவது அவர்தானே? ஓய்வுபெற்ற ஆளுக்குப் போன் போனதுதான் அன்று உருப்படியாகத் தெரியவந்த விஷயம். அதையே விட்டுவிட்டீர்கள்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. திங்கள் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம், புதன் தடுப்பூசி நாள், அதனால் செவ்வாய். சௌகரியம்தான். சுனாமி 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. முந்தின நாள் கிறிஸ்துமஸ். ஆபீசில் யார் இருந்திருப்பார்கள்?

எங்களை வெளி மாவட்டத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். பிணங்களால் கொள்ளைநோய் பரவும் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் பயம் உயிரோடிருந்தவர்கள் குடித்த தண்ணீரைப் பற்றி. ஒரு தற்காலிகக் குடியிருப்பில் காலையில் சின்டெக்ஸ் தொட்டிக்கு பிளீச்சிங் கரைத்து ஊற்றினோம். ஒரு மணி நேரத்தில் இன்னொரு குழு வந்து அதே தொட்டிக்கு அதே அளவு ஊற்றிவிட்டுப் போனது. அவர்களை எங்களுக்குத் தெரியாது, எங்களை அவர்களுக்குத் தெரியாது. தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. ஒரு பாட்டி குடத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, யாரும் மருந்து போடாத அடிபம்பைத் தேடிப் போனார். அன்று மாலை இரண்டு குழுவும் "குளோரினேற்றம் செய்யப்பட்டது" என்றுதான் எழுதிக்கொடுத்திருப்போம். மறுநாளிலிருந்து தொட்டியின் மேல் நேரம், அளவு, ஆள் பெயர் மூன்றையும் சுண்ணாம்பால் எழுதினோம். கறுப்புத் தொட்டி, பளிச்சென்று தெரியும். இரண்டாவது குழு வந்தது, படித்தது, அடுத்த தொட்டிக்குப் போனது. சாயங்கால ஆய்வுக் கூட்டங்களில் நான் கற்றதை எழுத இந்தச் சுண்ணாம்புக்கட்டியில் பாதிகூடத் தேவைப்படாது.

உங்கள் 17-ஆம் பக்கத்துக்கு வருகிறேன். கடைக்கோடித் தெருக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று 'ஓ.டி.' சொட்டு விட்டுப் பார்த்து, மஞ்சளே ஏறவில்லை, 0.2 பிபிஎம்கூட இல்லை என்று மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். தொட்டியடியிலேயே பார்த்துவிட்டு 0.5 என்று கையெழுத்துப் போடுகிறவர்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவன் நான். அந்தப் பக்கத்தைப் பேத்தியைக் கூப்பிட்டுப் படித்துக்காட்டினேன். என் சர்வீசில் நான் எழுதிய எந்த அறிக்கையிலும் அப்படி ஒரு பக்கம் கிடையாது, தம்பி. ஒன்றுதான் கேட்க வேண்டும்: அந்த பிளீச்சிங் மூட்டை எப்போது பிரித்தது? புதுசில் 33 சதவீதம் குளோரின் இருக்கும். பிரித்து ஈரத்தில் போட்டுவைத்தால் கோலம் போடத்தான் ஆகும்.

அடுத்த ஒத்திகையைப் புதன்கிழமை வையுங்கள், மழைக்காலமாக இருந்தால் இன்னும் நல்லது. தேதியை யாருக்கும் சொல்லாதீர்கள். பட்டியலில் என் எண்ணை அடித்துவிட்டு இப்போதைய ஆய்வாளரின் எண்ணைப் போடுங்கள். அவரிடம் இரண்டு சிம் இருக்கிறது, பகலில் ஒன்றை அணைத்துவைப்பார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய சுகாதார ஆய்வாளர்