ஊரைக் கூட்டிப் பேசுவது எப்படி?

இன்று ஆய்வுக்கூடத்தில் குனிந்து நிற்கும் நம்மில் சிலர், நாளை அணையோ ஆலையோ ஆய்வு நிலையமோ அமைக்கும் குழுவில் இடம்பெறுவர். அத்திட்டத்தால் பயன் பெறுவோரையும் பாதிக்கப்படுவோரையும் ஒருங்கே கூட்டிப் பேச வேண்டிய நாளும் வரும். சமன்பாடுகளைச் சலிக்காமல் கற்பிக்கும் நம் பாடத்திட்டம் இதனைக் கற்பிப்பதில்லை. ஆதலால் நம் சங்க இதழிலேனும் இதனைச் சற்று ஆராய்வோம்.

இத்தகைய கூட்டத்துக்கு நம் நாட்டில் சட்டமே ஒரு முறையை வகுத்துள்ளது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்கள் பலவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வட்டார மொழி இதழாதல் வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மக்கள் மொழியிலும் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர்தம் சார்பாளரோ தலைமை தாங்குவர். வந்தோர் எவரும் கேள்வி கேட்கலாம்.

இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற வரையறை மட்டும் இல்லை. அறுவடை நாளின் நண்பகலில் கூட்டத்தை வைத்துவிட்டு, நாற்காலிகளைப் பார்த்துப் பேசி, 'எதிர்ப்பு எழவில்லை' என்று எழுதிக்கொள்வதற்கும் வழி இருக்கிறது! ஆகவே நாளும் வேளையும் குறிக்குமுன் அவ்வூராரையே கேட்பது நலம். வயல் வேலைக்குச் செல்வோரும், பிள்ளைகளை விட்டு வர இயலாத பெண்களும் எப்போது வர முடியும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்?

இனி, கூட்டத்துள் நாம் செய்ய வேண்டுவது என்ன? தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தை எண்ணிப் பாருங்கள். மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம். அதன் முடிவில் 50,000 டன் இரும்பாலான உணர்கருவி. 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மீண்டும் அனுமதி கிடைத்தும் எதிர்ப்பு ஓயவில்லை. 2022இல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது.

இதனைப் பற்றி இயற்பியல் மாணவர் ஒருவரைக் கேளுங்கள். நொடிதோறும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடலினூடே ஊடுருவிச் செல்கின்றன, அவற்றால் தீங்கில்லை என்று உற்சாகமாக விளக்குவார். உண்மைதான். ஆனால் அங்கு எழுந்த ஐயங்களுள் பல வேறு வகையின: பாறையை வெடிவைத்துத் தகர்த்தால் மலை என்னாகும்? நிலத்தடி நீர் குறையுமா? காட்டு விலங்குகள் எங்கே போகும்? இவற்றுக்கு நியூட்ரினோப் பாடம் விடையாகாது. புவியியலாரும் நீரியலாரும் பேச வேண்டிய இடத்தில் நாம் பேசினால், மக்கள் நம்மை அறிஞர் என்று எண்ணார். நழுவுகிறோம் என்றே எண்ணுவர். அவர்கள் எண்ணுவதிலும் தவறில்லை.

எனவே, கேள்வி எழுந்ததும் விடை சொல்லப் பறக்க வேண்டா. அதனைக் கேட்டவர் சொற்களிலேயே பெரிய எழுத்தில் கரும்பலகையில் எழுதுக. 'இதுதானே தாங்கள் கேட்டது?' என்று உறுதி செய்துகொள்க. பின்பு, இப்போது விடை தெரிந்தவை, அளந்து பார்த்த பின்னரே சொல்லக்கூடியவை, நம் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை எனப் பிரித்துக் காட்டுக. இரண்டாம் வகைக்கு, யார், எந்த நாளுக்குள் விடை தருவார் என்பதையும் எழுதுக.

சட்டத்தின் ஒரு கூறு எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டம் கலையுமுன் நடவடிக்கைக் குறிப்பை அனைவர் முன்னும் படித்துக் காட்டி, அவர்கள் மொழியில் விளக்க வேண்டும். தம் கேள்வி விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லலாம். கையெழுத்து அதன் பிறகே, அதே நாளில். எழுப்பப்பட்ட கேள்விகளும் திட்டத்தாரின் மறுமொழியும் ஊராட்சி அலுவலகத்தில் எல்லாரும் காண வைக்கப்பட வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத சிறு கூட்டங்களிலும், நம் சங்கக் கூட்டத்திலுங்கூட, இதனைக் கடைப்பிடிக்கலாம். கூடுதலாகச் செலவாவது கால் மணி நேரமே.