படித்ததும் படிக்கவேண்டியதும்: மதுரை வாசகர்களுக்கு

• படித்து முடித்த நூலின் பெயர், ஆசிரியர், முடித்த தேதி, மனத்தில் நின்ற கருத்து ஆகியவற்றை ஒரே நோட்டில் குறித்து வந்தால், ஆண்டு முடிவில் வாசிப்பின் போக்கு தெளிவாகும்.

• அடுத்துப் படிக்கவேண்டியவற்றில் பெரிய நூலுக்குப் பின் சிறிய நூலை வைத்தால் சோர்வு தட்டாது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) முடிந்ததும், ஜி. நாகராஜனின் சிறு நாவல் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) பொருந்தும்.

• விலை கொடுத்து வாங்குமுன், புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சில பக்கங்களைப் படித்துப் பார்ப்பது நல்லது.

• தமுக்கம் மைதானப் புத்தகத் திருவிழாவுக்கு இந்த நோட்டோடு சென்றால், வீட்டில் இருக்கும் நூலையே மறுபடி வாங்க நேராது.

• இரவல் கொடுத்த நூல்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைக்கவேண்டும்.