இருபது என்றது போன்

அன்பு மருமகளுக்கு,

பாஞ்சாலங்குறிச்சிப் பள்ளிக்கூடத்து மூலிகைப் பாத்திக்கு ஈரம் காட்டும் சென்சார் வந்திருக்கிறது, எங்கே குத்தலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். நான் யாரையும் கேட்காமல் குத்தியவன், தாயி. போன மாசியில் கீழாநெல்லிப் பாத்தியில் செருகினேன். போனில் இருபது சதவீதம் காட்டியது. போதும் என்று இருந்துவிட்டேன். நாலாம் நாள் செடி அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. குதிரைமொழித் தேரி மணலில் பத்து சதவீதமே செடிக்குத் தாராளம். நம் கரிசலின் துகள் மாவைவிட நைசானது. தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. இருபது இருந்தும் செடி வாடும். அந்த எண்ணுக்கு நம் மண்ணில் என்ன அர்த்தம் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு வழி இது. மழை பெய்த மறுநாள், சென்சார் பக்கத்தில் வேர் ஆழத்தில் மண் எடுத்து நூறு கிராம் நிறு. ஆய்வக அடுப்பில் 105 டிகிரியில் ஒரு நாள் காயவைத்துத் திரும்ப நிறு. எண்பது நின்றால் போனது இருபது. காய்ந்த மண்ணுக்குக் கணக்குப் போட்டால் 25 சதவீத ஈரம். அதை ஒரு நோட்டில் எழுது. மண் எடுத்த நேரத்தில் சென்சார் காட்டிய எண்ணையும், செடி நின்ற நிலையையும் பக்கத்தில் எழுது. மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்து, உருண்டதா உதிர்ந்ததா என்பதையும் எழுது. செடி வாடத் தொடங்கும்வரை நாலைந்து முறை இப்படிச் செய். வெடிப்பு ஓரத்தில் மட்டும் குத்தாதே. கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று புகுந்தால், ஈரம் இருந்தாலும் வறட்சி என்றே காட்டும்.

என்ன நடலாம் என்றும் கேட்டிருந்தாய். புத்தகம் நிலாவாரை என்கிற நம் அவுரியை நடு. உலகச் சந்தையில் அதற்குத் திருநெல்வேலி சென்னா என்றே பேர். புரட்டாசி மழைக்கு முளைத்தால் அதிகம் தண்ணீர் கேட்காது. தண்ணீர் தேங்கினால்தான் சாகும். இலையை நிழலில் உலர்த்து, பச்சை மங்காது. நித்தியகல்யாணியும் வை. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் அதிலிருந்து வருவதுதான். ஆனால் சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள். பச்சையாகத் தின்றால் விஷம். 1801-ல் வெள்ளைக்காரர்கள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து, அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்களே, அந்த ஆமணக்கும் மூலிகைதான். கொட்டை கொடும் விஷம் என்பதால் பள்ளிப் பாத்திக்கு அது வேண்டாம்.

கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இந்தக் கரிசலில்தான் வேலை செய்கிறது. மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைக்கும் முன்பருவ விதைப்பை அங்கே போய்க் கேட்டு வாருங்கள். மேகத்தை நம்பி விதையைப் புதைக்கிற சம்சாரிக்கு, எந்த மழையில் அது முளைக்கும் என்ற கணக்கு உண்டு. உன் சென்சார் அந்தக் கணக்குக்கு உதவினால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

நோட்டில் முதல் நாலு வரிசை நிரம்பியதும் படம் எடுத்து அனுப்பு. செடி வாடின அன்றைக்கு உன் சென்சார் என்ன காட்டியது என்று என் பாத்தி எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

உன் மாமா